சிவப்பு மட்டும் வேண்டாம்

என் மனைவி ஜோதிலட்சுமிக்குச் சிவப்பு மாத்திரை ஆகாது. போன வருஷம் முழங்கால் வலிக்கு அதைத் தின்றுதான் உதடெல்லாம் வெந்து, முதுகுத் தோல் உரிந்து, பதினெட்டு நாள் தென்காசி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா அந்த மருந்தின் பெயரை ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்து, எங்கே மருந்து வாங்கினாலும் இதை முதலில் காட்டவேண்டும் என்றார். தொலைந்துவிடக் கூடாதென்று நான் அதை லேமினேஷன் போட்டு, ரேஷன் கார்டோடு பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவ்வளவு பொறுப்பு எனக்கு!

இந்த ஆனியில் குற்றாலத்தில் நல்ல சீசன். ஐந்தருவியில் ஆசை தீர நின்றாள். மறுநாள் காய்ச்சல், உடம்பெல்லாம் வலி. நான் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் டெம்போ ஓட்டுகிறவன். எங்களுக்கு வலி என்றால் டாக்டர் கிடையாது. மெடிக்கலில் 'ஒரு செட்' கேட்போம். நாலைந்து மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்துப் பேப்பரில் மடித்துக் கொடுப்பார்கள்.

"அண்ணாச்சி, வீட்டுக்காரிக்கு ஒரு செட்டு. செவப்பு மாத்திர மட்டும் வேண்டாம், அவளுக்குச் சேராது."

"இதுல செவப்பே இல்ல, கொண்டு போங்க," என்றார் கடைக்காரர். எந்த மருந்து சேராது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜோதி மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாள். "நல்லா பாத்துத்தான வாங்கியாந்தீய?"

"எல்லாம் வெள்ளதான். முழுங்குட்டி. உனக்கு எதுக்கெடுத்தாலும் சந்தேகம்."

மறுநாளே கண் சிவந்து வாய் புண்ணாகிவிட்டது. அதற்கடுத்த நாள் நெஞ்சில் கொப்புளம் கிளம்ப, தென்காசிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். டாக்டரம்மா அட்டையைக் கேட்டார். வீட்டுக்கு ஓடி அதை எடுத்தேன். மெடிக்கலுக்குப் போய், கொடுத்த மாத்திரைகளின் பெயரையும் எழுதி வாங்கி வந்தேன்.

"அந்தச் சிவப்பும் இந்த வெள்ளையில ஒண்ணும் ஒரே மருந்துதான். கம்பெனி மாறினா கலர் மாறும்," என்றார் டாக்டரம்மா. உயிருக்குப் பயமில்லை, ஆனால் பார்வை திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

விஷத்தை வாங்கி வந்து, அதட்டி முழுங்க வைத்தவன் நான்.

அவளுடைய இமைகள் வீங்கி ஒட்டிக் கிடந்தன. என் குரல் கேட்டதும் கையை நீட்டினாள். உள்ளங்கையெல்லாம் புண்; விரல் நுனியைத்தான் பிடிக்க முடிந்தது.

"என் தலையெழுத்து. நீங்க என்ன செய்வீய? பாத்துத்தான வாங்கியாந்தீய," என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். முடியவில்லை.

"அதே மருந்துதான்ட்டி. அந்த அட்டைய எடுத்துட்டுப் போயிருந்தா கடைக்காரரு குடுத்திருக்க மாட்டாரு. நாந்தான் கெடுத்தேன்."

அவள் விரல்களை மெல்ல உருவிக்கொண்டாள். புண் எரிந்ததா, என்னைத் தொடப் பிடிக்கவில்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.