புதன்கிழமைக்கு உப்புப் பார்க்க ஆளில்லை

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. முன்சீட்டில் ஒரு பெண், மடியில் காலியான எவர்சில்வர் டப்பா. திறந்தாள், மூக்கருகே கொண்டுபோனாள், மூடினாள். இரண்டு நிறுத்தம் போவதற்குள் மூன்று தடவை. கழுவிய டப்பா அது, உள்ளே ஒன்றும் இல்லை என்பது பின்சீட்டில் இருந்த எனக்கே தெரிந்தது. அவள் இறங்கிப் போய்விட்டாள். நான் இறங்க வேண்டிய இடத்தைக் கோட்டைவிட்டேன்.

அவ்வளவுதான் நடந்தது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. அவள் யார், அந்த டப்பாவில் என்ன தேடினாள் என்று எனக்குத் தெரியாது. முகம் தெரியாத பெண்ணுக்கு ஒரு கஷ்டத்தைக் கட்டிவிடலாமா என்ற பயம் இதை எழுதும்போதெல்லாம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

ஆரம்பத்தை இப்படியெல்லாம் எழுதிப் பார்த்தேன்:

"நாலு நண்பர்கள் சேர்ந்து சமைத்தால் நாலு வீட்டிலும் மகிழ்ச்சி பொங்கும்" — குக்கர் விளம்பரம் மாதிரி இருக்கிறது. வேண்டாம்.

"அவளுக்கு வாசனை தெரியாமல் போன அன்று நல்ல மழை, தெருவெல்லாம்" — மழை எதற்கு? வேண்டாம்.

நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

ஒரே மாடிப்படியில் நாலு வீடு. கீழே தபால்காரரும் அவருடைய வயதான அப்பாவும். அதற்கு மேலே மெக்கானிக், கல்யாணம் ஆகாதவன். அதற்கும் மேலே கணக்கு டீச்சர். உச்சியில் நம் ஆள். கண்ணாடிக்கடையில் வேலை. வருகிறவர்களின் பார்வையைச் சோதித்து அளவு எழுதுபவள். அதனால் மற்ற மூவருக்கும் அவள் 'கண்ணாடி'.

நாலு பேரும் வேலை முடிந்து திரும்புகிற நேரம் ஒன்று. நாலு அடுப்பிலும் ஒரே அலுப்பு. ஒருநாள் படியில் மூச்சு வாங்க நின்றபோது டீச்சர்தான் சொன்னார்: "நாலு பேரும் தினம் சமைச்சு, தினம் சலிச்சுக்கறோம். ஆளுக்கு ஒருநாள் நாலு வீட்டுக்கும் சமைச்சா என்ன?"

திங்கள் டீச்சர். செவ்வாய் மெக்கானிக். புதன் கண்ணாடி. வியாழன் தபால்காரர். வெள்ளிக்கிழமை அவரவர் பாடு. சமைத்தவர் வீட்டுக்கு மற்றவர்கள் ஆறரை மணிக்கு வந்து டப்பாவை வாங்கிப் போக வேண்டும்.

முதல் மாதமே சண்டை. டீச்சர் வாய்தவறி மெக்கானிக்கிடம், "உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்டா" என்று சொல்லிவிட்டார். தபால்காரருக்கு முகம் தொங்கிவிட்டது. அந்த வியாழக்கிழமை நாலு வீட்டுக்கும் வெறும் அவித்த உருளைக்கிழங்கு வந்தது. அதற்கு அடுத்த வியாழனும் அதுவே. மூன்றாவது வியாழன் வருவதற்குள் டீச்சர் படியில் நின்று சட்டம் போட்டார்.

"இனிமே யாரும் யார் சாப்பாட்டைப் பத்தியும் வாயைத் திறக்கக் கூடாது. நல்லாருக்குன்னும் சொல்லக் கூடாது, நல்லால்லைன்னும் சொல்லக் கூடாது. டப்பாவைக் கழுவி, விடியறதுக்குள்ள சமைச்சவங்க கதவுல மாட்டிடணும். முடிஞ்சுது."

"தும்மலாமா டீச்சர்?" என்றான் மெக்கானிக்.

"தும்மலாம். சப்புக்கொட்டக் கூடாது."

(இந்தச் சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. இதனால்தான் இரண்டு வருஷம் சண்டையில்லாமல் ஓடியது. எனக்குப் பயமாகவும் இருக்கிறது. காரணம் கீழே வருகிறது.)

3

அவளுக்கு முதலில் ஒரு கணவனை எழுதினேன். நல்ல மனிதன். முதல் வாயிலேயே "என்னடி இது, உப்பையே காணோம்" என்று சொல்லிவிட்டான். கதை ஒன்றரைப் பக்கத்தில் முடிந்துபோனது. அதனால் அவனைக் கப்பல் வேலைக்கு அனுப்பிவிட்டேன். வருஷத்தில் பத்து மாதம் கடலில். ஒரு கதைக்காகக் குடும்பத்தைப் பிரித்த பாவம் என்னைச் சேரட்டும்.

அவன் போன பிறகு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பு மணக்கவில்லை. காபி வெறும் சுடுதண்ணீர். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம். வராமலும் போகலாம்" என்றார்.

அன்றிலிருந்து பதினோரு புதன்கிழமைகள் அவள் கண்ணாலும் கடிகாரத்தாலும் சமைத்தாள். பருப்பு இத்தனை கிராம், உப்பு இரண்டு ஸ்பூன், வெங்காயம் இந்த நிறம் வரும் வரை. அலமாரிக் கதவில் எல்லாவற்றையும் எழுதி ஒட்டியிருந்தாள். பால் பாக்கெட்டின் தேதியை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படிப்பாள். இருந்தாலும் அடுப்பை அணைத்ததும் கரண்டியோடு நின்றுவிடுவாள். மற்றவர்கள் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்துத் தெரிந்துகொள்வதை இவள் யாரிடம் கேட்பாள்?

சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அவளிடம் கேட்டேன். சொன்னால் என்ன நடக்கும் என்பது அவளுக்கு வரிக்கு வரி தெரியும். "ஐயோ, நீ எதுக்கும்மா கஷ்டப்படறே? புதன்கிழமையையும் நானே பாத்துக்கறேன்" என்பார் டீச்சர். பாசமாகத்தான் சொல்வார். அதுதான் பயம். மற்ற நாட்களில் இவள்தான் படியிறங்கிப் போய் டப்பா வாங்கி வர வேண்டும். அந்த உச்சி வீட்டுக் கதவை மனிதர்கள் தேடி வந்து தட்டுவது வாரத்தில் ஒரே ஒருநாள், புதன் ஆறரை மணி. அந்த நாளைப் பிடுங்கிவிட்டால் அவள் வெறுமே வாங்கித் தின்கிறவள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தபால்காரரின் அப்பாவுக்கு இதயம் பலவீனம். உப்பு கூடினால் உடம்பில் நீர் கோத்துக்கொள்ளும். அதனால் யார் சமைத்தாலும் உப்புப் போடுவதற்கு முன்பே அவர் பங்கைச் சின்ன டப்பாவில் எடுத்துவிடுவார்கள். அலமாரிக் கதவிலும் அது இருந்தது. ஐந்தாவது வரி: 'அப்பா டப்பா'. ஆறாவது வரி: 'உப்பு'.

4

"பன்னிரண்டாவது புதன்கிழமை, கை தவறி உப்பு அதிகமாக" — இப்படித்தான் எழுதியிருந்தேன். நீங்கள் அவளை வெறுத்துவிடக் கூடாதே என்ற ஆசை. அடித்துவிட்டேன். கை தவறவில்லை. தெரிந்தே போட்டாள். இரண்டு ஸ்பூனுக்குப் பதில் ஆறு.

ஏனென்றால் பதினோரு வியாழன் காலையிலும் அவள் கதவில் டப்பாக்கள் பளபளவென்று தொங்கின. கழுவிய டப்பா பேசாது. உள்ளே இருந்தது வயிற்றுக்குப் போனதா, குப்பைக்கூடைக்குப் போனதா என்று சொல்லாது. கடையில் நாள் முழுக்க ஒவ்வொருவரிடமும் "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டுப் பதில் வாங்குகிறவளுக்குத் தன் சட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. யாராவது ஒரே ஒரு ஆள் சட்டத்தை மீறட்டும். "என்ன கண்ணாடி, உப்பை அள்ளிக் கொட்டிட்டியா?" என்று திட்டட்டும். சாப்பிடுகிறார்கள் என்றாவது தெரிந்துவிடும்.

அன்று பருப்பும் காயும் போட்டுக் கெட்டியாக ஒரு சூப். அது கொதிக்கும்போது கப்பலிலிருந்து அழைப்பு. படம் நின்று நின்று வந்தது.

"என்ன பண்றே?"

"சமைக்கறேன். இன்னைக்குப் புதன்."

"வாசனை இங்க வரைக்கும் வருது போ."

அவள் சிரித்தாள். அவனிடமும் சொல்லியிருக்கவில்லை. இன்னும் ஏதேதோ பேசினார்கள். லைன் கட்டானது. டப்பாக்களை வரிசையாக மூடிவைத்தாள். சின்ன டப்பாவும் நிரம்பித்தான் இருந்தது. ஆறரைக்குக் கதவு தட்டப்பட்டது. கொடுத்தனுப்பினாள்.

அப்போது அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வந்தது எனக்கு. பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

5

வியாழன் காலை. கதவில் டப்பாக்கள். எல்லாம் கழுவி, துடைத்து. ஒரு சொல் இல்லை. படியில் மெக்கானிக் ஷூ மாட்டிக்கொண்டிருந்தான்.

"ராத்திரி நல்லாத் தூங்கினியா?"

"எங்கக்கா. தண்ணி குடிக்கறதும் பாத்ரூம் போறதுமா விடிஞ்சிருச்சு."

"ஏன், என்னாச்சு?"

"சட்டம் இருக்குக்கா. வாயைத் திறந்தா டீச்சர் பெஞ்சு மேல ஏத்திடுவாங்க."

அவள் படியிறங்கியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டு இரண்டு படியாக. சாப்பிட்டிருக்கிறான். அந்த உப்பையும் தின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறான். அப்படியானால் பதினோரு வாரமும் சாப்பிட்டிருக்கிறார்கள். கடை வரைக்கும் அவள் கால் தரையில் படவில்லை. இந்தச் சந்தோஷத்தை அவளுக்கு இன்னும் ஒரு பக்கமாவது நீட்டிக் கொடுக்கப் பார்த்தேன். என் கை ஓடவில்லை.

மூன்று மணிக்கு ஒரு பெரியம்மாவுக்குப் பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது தெளிவாம்மா, அது தெளிவா?"

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு."

"அவசரமில்ல, நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

மேஜைமேல் போன் ஒளிர்ந்தது. நாலு பேருக்குமான குழுவில் தபால்காரர் எழுதியிருந்தார்: 'இன்னைக்கு என் முறை. சமைக்க முடியல, மன்னிச்சுக்கோங்க. அப்பாவுக்குக் காலையிலேர்ந்து மூச்சுத் திணறல். கால் வீங்கிடுச்சு. ஆஸ்பத்திரில சேர்த்திருக்கேன்.' அடியிலேயே மெக்கானிக்கின் பதில்: 'சாப்பாட்டை விடுங்கண்ணா. நான் எல்லாருக்கும் முட்டை பொரிச்சுத் தர்றேன். நீங்க அப்பாவைப் பாருங்க.'

"இப்பவும் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார் பெரியம்மா.

அவளுக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. சின்ன டப்பாவை உப்புக்கு முன்னால் நிரப்பினாளா, பின்னாலா? எப்போதும் முன்னால்தான். ஆனால் நேற்று மனசெல்லாம் அந்த ஆறு ஸ்பூனில் இருந்தது. இடது கையில் போன், வலது கையில் கரண்டி. அது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. கரண்டியிலிருந்து சூப் எங்கே போனது? சட்டிக்கா, டப்பாவுக்கா? வேறு யாராக இருந்தாலும் மூடுவதற்குமுன் ஒரு சொட்டு வாயில் விட்டிருப்பார்கள்.

6

இந்த இடத்தில் நாலு நாள் நின்றுவிட்டேன். இரண்டு முடிவுகள் எழுதினேன். மறைப்பானேன், இதோ.

முதலாவது: சாயங்காலம் இன்னொரு செய்தி வருகிறது. 'வெறும் சளிதானாம். வீட்டுக்கு வந்துட்டோம்.' அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுகிறாள். முற்றும். எழுதி முடித்ததும் எனக்கே நிம்மதியாக மூச்சு வந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன். எனக்கு மூச்சு வருவதற்காகவா கதை?

இரண்டாவது: வீட்டுக்கு ஓடுகிறாள். அலமாரிக் கதவில் ஐந்தாவது வரிக்குப் பக்கத்தில் பென்சில் டிக் இருக்கிறது. தப்பித்தாள். ஆனால் பாருங்கள், அந்த டிக்கைப் போட்டது நான். அவள் டிக் போட்டு வேலை செய்கிறவள் என்று இதற்குமுன் எங்கேயும் சொல்லவில்லை. ஆபத்து வந்தபிறகு கொண்டுவந்து வைத்த சாட்சி. நீங்கள் என்னைச் சும்மா விடுவீர்களா?

(மூன்றாவதாக ஒன்று உண்டு. அவள் சொல்லாமலே இருந்துவிடுவது. யாருக்கும் தெரியப்போவதில்லை. டப்பாக்கள் கழுவியாகிவிட்டன. அதை எழுத உட்கார்ந்தேன். அவள் எழுந்து கடை முதலாளியிடம் அரைநாள் விடுப்புக் கேட்டுவிட்டாள். அது என் வேலையில்லை.)

7

ஆஸ்பத்திரி நடையில் நீளமான பெஞ்சு. தபால்காரர் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். காலையில் வேலைக்குக் கிளம்பிய கோலம்.

"வேலையை விட்டுட்டு எதுக்கும்மா வந்தே?"

"அப்பா எப்படி இருக்காரு?"

"ஆக்சிஜன் வெச்சிருக்காங்க. டாக்டர் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேக்கறாரு. நேத்து உப்பு கூடிப்போச்சா, உப்பு கூடிப்போச்சான்னு. நான் சொல்லிட்டேன், சார், நேத்து புதன்கிழமை. அந்தப் பொண்ணு கை அளவு தப்பவே தப்பாதுன்னு."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். என் டப்பால உப்புக் கொஞ்சம் தூக்கலாத்தான் இருந்துச்சு. அப்பக்கூட எனக்குப் பயமே வரலை. அப்பாவுக்கு நீ தனியா எடுத்துடுவியே. அதான் இப்ப மாத்திரைதான் ஒத்துக்கலைபோலன்னு, அதை மாத்தலாமான்னு உள்ள பேசிக்கிட்டிருக்காங்க."

"அண்ணா."

"சொல்லும்மா."

"மாத்திரையை மாத்த வேணாம்னு சொல்லுங்க. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க."

சொன்னாள். அவள் சொன்னதை முதலில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அழுகை, மன்னிப்பு எல்லாம் வைத்து. நீக்கிவிட்டேன். அவள் அளவு எழுதிப் பழகியவள். காய்ச்சல், பதினோரு வாரம், ஆறு ஸ்பூன், போன், கரண்டி. சின்ன டப்பாவைப் பற்றித் தனக்குத் தெரியாது என்பதையும் தெரியாது என்றே சொன்னாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

தபால்காரர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பதினோரு வாரமா?" என்று மட்டும் கேட்டார். கோபமா, வருத்தமா? அந்தக் குரலை எத்தனையோ தடவை காதுகொடுத்துக் கேட்டுப் பார்த்துவிட்டேன். எனக்குப் பிடிபடவில்லை.

கதவு திறந்தது. நர்ஸ் தலையை நீட்டினாள். "பெரியவரோட வந்தவங்க யாரு? டாக்டர் கூப்பிடறாரு."

அவர் எழுந்தார். அவளும் எழுந்தாள்.

"நானும் வரட்டுமாண்ணா? டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன்."

இங்கே அவர் பதில் சொல்ல வேண்டும். 'வா' என்று எழுதினேன். அது அவர் சொன்னதில்லை, அவளைக் காப்பாற்றத் துடிக்கிற நான் சொன்னது. அடித்தேன். 'நீ இங்கயே இரு' என்று எழுதினேன். அதுவும் என்னுடையதுதான். அவளுக்காக எல்லாவற்றையும் ஏற்பாடு பண்ணிவிட்ட குற்ற உணர்ச்சியில் அவளைத் தண்டிக்கப் பார்க்கிறேன். அதையும் அடித்தேன்.

கண்ணுகளா, இவ்வளவு நேரம் நீங்கள் அவள் பக்கத்தில் நின்று, அவளோடு சேர்ந்து பயந்தீர்கள். கொஞ்சம் நகர்ந்து அவர் நிற்கிற இடத்தில் நில்லுங்கள். உள்ளே மூச்சுக்குத் திணறுவது உங்கள் அப்பா. எதிரில் நிற்பவள் இரண்டு வருஷமாக உங்களுக்குச் சமைத்துப் போட்டவள். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நர்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருக்க மாட்டாள்.