பதினெட்டு மார்க்குச் சோம்பேறிகள்

பாஸ்கல் விடியற்காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து, தன் ஊரான காத்திவாக்கத்திலிருந்து நகரத்தின் தென்கோடியில் இருந்த கல்லூரிக்குப் போனான். அங்கே நின்ற சுற்றுலா வண்டியில் ஏறி, மறுபடி காத்திவாக்கத்துக்கே வந்தான். இதற்குக் கல்விச் சுற்றுலா என்று பெயர். பி.ஏ. பொருளாதாரம் கடைசி வருஷத்தில் இதற்கு இருபத்தைந்து மார்க்கு. புள்ளியியலில் அவன் வாங்கியதைச் சபையில் சொல்வது அழகல்ல. சுற்றுலாவில் பதினெட்டு மார்க்காவது கிடைத்தால்தான் பட்டம். இல்லாவிட்டால் இன்னொரு வருஷம் அதே பெஞ்சு.

பேராசிரியர் கோதண்டம் தேர்ந்தெடுத்த தலைப்பு மீன்பிடித் தொழில். தேர்ந்தெடுத்த நாள் ஞாயிறு. வகுப்பு கெடாது, வண்டியும் அன்று சும்மா நிற்கும். எங்கள் குப்பத்தில் எல்லாரும் வேதக்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார்களே தவிர ஒருத்தரும் கடலில் இறங்கமாட்டார்கள் என்று பாஸ்கல் முன்கூட்டியே சொல்லிப் பார்த்தான்.

“கடலுக்கு ஏதப்பா ஞாயிற்றுக்கிழமை?” என்றார் கோதண்டம். வகுப்பே சிரித்தது. பாஸ்கலும் சிரித்து வைத்தான். மார்க்குப் போடுகிறவர் நகைச்சுவை சொன்னால் அது நகைச்சுவைதான்.

காலடிப்பேட்டை தாண்டியதும் மணலி ஆலைகளின் புகை கலந்த காற்று வண்டிக்குள் புகுந்தது. பையன்கள் கைக்குட்டையைத் தேட, இதுதான் தொழில் வளர்ச்சியின் வாசனை, குறித்துக்கொள்ளுங்கள் என்றார் பேராசிரியர். ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மறு கையால் எல்லாரும் குறித்துக்கொண்டார்கள்.

குப்பத்தில் கட்டுமரங்கள் மணலில் படுத்திருந்தன. ஆண்கள் சலவை வேட்டியில், தலைக்கு எண்ணெய் பளபளக்க, பூசை முடிந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். வலை ஒன்றும் நனையவில்லை. பார்ப்பதற்குத் தொழில் என்று எதுவும் இல்லை.

முதல் வீட்டு வாசலில் புதுச் சேலையில் நின்றிருந்த சிலுவையம்மாளிடம் போய், ஏனம்மா இன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லையா என்று பேராசிரியர் விசாரித்தார். பாஸ்கல் இரண்டு உயரமான பையன்களுக்குப் பின்னால் ஒதுங்கினான். அவள் அவனைப் பெற்றவள்.

“ஞாயித்துக்கெயம எவன் சார் வேலைக்குப் போவான்? இன்னிக்கு உன் காலேஜி தொறந்துகீதா?”

பையன்கள் சிரித்தார்கள். இந்தச் சிரிப்பு பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. மகன் ஒளிந்திருப்பதை அவள் பார்த்தாள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் கோதண்டம் முடிவுரையை அவரே சொல்லி எழுத வைத்தார்: இவ்வூர் மீனவர்கள் சோம்பேறிகள், பட்டப்பகலில் வெள்ளை வேட்டி கட்டி உலாவுகிறார்கள், வறுமைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. பாஸ்கலும் எழுதினான், நல்ல கையெழுத்தில்.

அடுத்த வாரம் மார்க்கு வந்தது. பதினைந்து. கட்டுரையில் ஆழம் போதாது, வேண்டுமானால் திருத்திக் கொண்டு வா என்றார்.

வீட்டில் சிலுவையம்மாள் சங்கரா மீனின் செதிலை உரசிக்கொண்டிருந்தாள். என்னதான் எழுதினாய் என்று கேட்டாள். மறைத்துப் பயனில்லை, வாசித்துக் காட்டினான். அடி விழும் என்று கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தான்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“பெத்தவள சோம்பேறின்னு எழுதிக் குட்த்துட்டு, அதுக்குப் பதினஞ்சுதான் வாங்கினு வந்தியா? மொதல்ல கேட்ட வெலைக்கே தள்ளிவுட்டுட்டியேடா.”

 இன்னும் எவ்வளவு வேண்டும் என்றாள். மூன்று என்றான்.

“குடிகாரனுங்கன்னு ஒண்ணு சேத்துக்கோ. அதுக்கு மூணு போடமாட்டானா அந்த ஆளு?”

உள்ளே அவன் அப்பா அருள்நாதன், ராத்திரியெல்லாம் கடலில் கிடந்து வந்த களைப்பில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பாதிரியார் கையிலிருக்கும் கிண்ணத்தைத் தவிர வேறு கிண்ணத்தை ஏறெடுத்தும் பாராத மனிதர். பாஸ்கல் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

“உங்கப்பனயே எழுது. தூங்கிகினுதானே கீறாரு, இன்னா தெரியப் போவுது? ஆனா பொம்பளைங்கள குடின்னு எழுதாத. நாளைக்கு நான் கூடை தூக்கினு போய் நாலு வூட்ல மீன் விக்கணும்.”

எழுதினான். முதல் வரியை இரண்டு தடவை அடித்து எழுதினான். மூன்றாவது வரியில், தள்ளாடி வந்த ஒரு கிழவரைத் தானே தாங்கிப் பிடித்து வீடு சேர்த்ததாக வந்துவிட்டது. கிழவர் வழியெல்லாம் பாடினார் என்றும் சேர்த்தான்.

பேராசிரியர் படித்து உருகிப்போனார். பழைய பதினைந்தை அடித்துப் பதினெட்டு போட்டு, ஓரத்தில் சிவப்பு மையால் எழுதினார்: நேரில் கண்டு எழுதியது தெரிகிறது.