கையால் திருத்த வேண்டாம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பேருந்துக்குக் காத்திருந்த ஒரு பெண் சொன்னது. பாதி சொல்லும்போதே பேருந்து வந்துவிட்டது, ஏறிப் போய்விட்டாள். மீதிப் பாதி என்னை உட்காரவிடாமல் படுத்துகிறது.

மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் அண்ணி

(வேண்டாம். அன்று மழையே இல்லை. எதற்கெடுத்தாலும் மழையை வரவழைப்பது என் கைப்பழக்கம்.)

2

நோயாளியை உட்காரவைத்து ஏற்றி இறக்கும் மின்நாற்காலி செய்கிற இடம் அது. மோட்டாரை ஆட்டிவைக்கும் நிரல் சி மொழியில் இருக்கிறது. திரையில் உள்ள பொத்தான்களின் நிரல் பைத்தான் என்ற வேறு கணினி மொழியில். இரண்டுக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. அதனால் அங்கே நிரல் எழுதும் அண்ணி முப்பது வரியில் ஓர் இணைப்புக் கோப்பு எழுதிவைத்திருந்தாள், சி-யிடம் பைத்தான் இன்னின்ன வேலை கேட்கலாம் என்று. கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளை கொடுத்தால் போதும். கம்பைலர் என்கிற மொழிமாற்றும் நிரல் அதைப் படித்து, நடுவே மூவாயிரம் வரிப் பாலம் ஒன்றை எழுதித் தந்துவிடும். பாலத்தின் தலையிலேயே இருக்கும்: இது இயந்திரம் எழுதியது, கையால் திருத்த வேண்டாம்.

(திருத்தினாலும் ஓடும், மறுபடி கட்டளை கொடுக்கும்வரை. கொடுத்ததும் புதுப் பாலம் வந்து உட்காரும். திருத்தம் இருந்த சுவடே இருக்காது. இதை மட்டும் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.)

3

அவளைப் போலவே அவள் கொழுந்தனுக்கும் அங்கேதான் வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்றிருந்தார் முதலாளி. இரண்டு முடிந்திருந்தது.

"ஆபீஸ்ல அண்ணின்னு கூப்பிடாதே."

"சரிங்க அண்ணி."

திங்கட்கிழமை அவன் கேட்காமல் இணைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தான். எல்லாம் நின்றுபோய் அரைநாள் வீண். ஆறு பேர் முன்னால் அவள் சொன்னாள்:

"இனிமே இந்தக் கோப்புல நீ கை வைக்கவே கூடாது. எதுவா இருந்தாலும் சரி."

(இந்த வரியை மூன்று முறை மென்மையாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் என்னைத் தள்ளிவிட்டு அப்படியே வந்து நின்றது.)

செவ்வாய்க்கிழமை அவன் ஒன்றைக் கவனித்தான்: வேகப் பொத்தானை அழுத்தினால் நாற்காலி தொப்பென்று இறங்குகிறது. வேகத்துக்கு ஒரு வரம்பு வேண்டும். எழுதவேண்டிய இடம் இணைப்புக் கோப்பு. அங்கேதான் கை வைக்கக் கூடாதே. பாலத்திலேயே எழுதிவிட்டான். நாற்காலி பூப்போல இறங்கியது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

புதன்கிழமை வாடிக்கையாளர்கள் வருவதாக இருந்தது. புதிதாக ஒரு பொத்தான் கேட்டார் முதலாளி. அவள் ஒரு வரி சேர்த்தாள், கட்டளை கொடுத்தாள்.

4

நாற்காலிக்கு மெத்தை தைக்கும் அம்மாதான் உட்கார்ந்து காட்டினாள். நாற்காலி பழையபடி தொப்பென்று இறங்கி, கணுக்கால் பிசகிவிட்டது.

"உங்க மெத்தைக்கு ஒண்ணும் ஆகலியேம்மா?" என்றான் கொழுந்தன், அவள் காலைப் பிடித்துக்கொண்டே.

"மெத்தைக்கென்ன, அது நான் தைச்சது. நீங்க செஞ்சதுதான் விழுந்துச்சு."

முதலாளி அண்ணியிடம் ஒரு படிவத்தை நீட்டினார். "காரணம்னு ஒரு இடம் இருக்கு பாரும்மா. எழுதிக் குடு. யாரை வெச்சுக்கறதுன்னு நான் முடிவு பண்ணணும்."

பக்கத்தில் வந்து நின்றான் அவன். "பாலத்துல கை வெச்சது நான்தான். அப்படியே எழுதிடுங்க அண்ணி. அண்ணன்கிட்ட மட்டும் வேற ஏதாவது சொல்லுங்க."

5

முதல் முடிவு: அவன் சொன்னபடியே எழுதுகிறாள். பொய் இல்லை. அவன் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு

(அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: முதலாளி மனம் இரங்கி இருவரையுமே மன்னித்து

(இதை எழுதியது நான், கையால். முதலிலிருந்து ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் பகுதி வந்ததுமே அழிந்துபோயிற்று. அந்தத் திங்கட்கிழமை வரி அங்கேயே இருக்கும்வரை கடைசியில் எதை ஒட்டினாலும் நிற்காது.)

பேருந்துப் பெண் ஏறும்போது அவள் பையிலிருந்து அந்தப் படிவம் எட்டிப் பார்த்தது. மடித்திருந்ததால் பாதிதான் தெரிந்தது. பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். மடிப்புக்குள் இருப்பது உங்கள் பொறுப்பு.

காரணம்: திங்கட்கிழமை, ஆறு பேர் முன்னால், நான்