உமி பறக்கும் பக்கம்

ஹெட்போனில் டாக்டர் ஒருவர் மூச்சுவிடாமல் ஆபரேஷன் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். மெர்சிலின் முக்கால்வாசி அடித்து முடித்திருந்தாள். பட்டென்று திரை இருண்டது. மேசைக்கடியில் இருந்த சிபியு ஒரு முனகலோடு அடங்கிவிட்டது.

"கரண்டு போச்சாங்க?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

"இல்லியே, மெஷின் ஓடுது பாரு!" என்றான் ஷெட்டிலிருந்து அவள் கணவன் சைலஸ்.

வீட்டுச் சுவரை ஒட்டிய தகர ஷெட்டில் அவன் சாமையை உமி நீக்கி அரிசியாக்கும் மெஷின் வைத்திருந்தான். ஜவ்வாது மலையில் சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் மூட்டையை மலையடிவாரத்துக்குக் கொண்டுபோகாமல் அவனிடமே வந்துகொண்டிருந்தார்கள். ஒடுகத்தூர்ப் பெண்ணான மெர்சிலின், கல்யாணமாகி மலைக்கு வந்தபிறகு வேலூர் கம்பெனி ஒன்றில் வேலை தேடிக்கொண்டாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்வதைக் கேட்டு, வீட்டிலிருந்தே ரிப்போர்ட்டாக அடித்துத் தர வேண்டும். மேசையை ஷெட் பக்கத்து ஜன்னலருகே போடச் சொன்னது சைலஸ்தான். வேலைக்கு நடுவே ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியட்டும் என்றான். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

மறுபடியும் சுவிட்சைப் போட்டாள். உயிர் வந்தது. அடித்ததில் பாதியைக் காணோம். முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாதி தாண்டவில்லை, மறுபடி அணைந்தது. குனிந்து சிபியுவின் பக்கத் தகட்டில் கை வைத்தவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அப்படி ஒரு சூடு.

பெயின்ட் அடிக்கும் பிரஷ் ஒன்றைத் தேடி எடுத்து, மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றும் ஃபேனின் இறக்கைகளைத் துடைத்தாள். அன்று முழுக்க ஒழுங்காக ஓடியது. மறுநாள் மதியம் பழைய குருடி கதவைத் திறடி.

அதற்குப்பிறகு அவளுக்கு உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. ஒவ்வொரு வரிக்கும் சேமித்தாள். டாக்டரின் குரலைக் கேட்பதற்குப் பதில் ஃபேன் சத்தத்தைக் கேட்டாள். அது கொஞ்சம் உரக்க இரைந்தாலும் அடிப்பதை நிறுத்திவிடுவாள். எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பாள், குடித்த கையோடு திரும்பி ஓடிவருவாள். சாப்பாட்டுத் தட்டு மேசையிலேயே காய்ந்து கிடக்கும்.

கம்பெனியில் அவள் வேலையைச் சரிபார்க்கும் பூஜாவிடமிருந்து போன் வந்தது.

"மெர்சி, இடது காலுன்னு டாக்டர் தெளிவா சொல்லியிருக்காரு. நீ வலது காலுன்னு அடிச்சிருக்க. நான் பாக்காம அனுப்பியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"சாரி பூஜா. சிஸ்டம் அடிக்கடி ஆஃப் ஆவுது. அந்தப் பதட்டத்துல…"

"சிஸ்டத்த சரி பண்ணிட்டு வா. அதுவரிக்கும் உனக்கு ஃபைல் தரமாட்டேன். தப்பா நெனச்சிக்காத."

அடுத்த நாள் காலை பஸ்ஸில், போர்வை சுற்றிய சிபியுவை மடியில் வைத்துக்கொண்டு ஒடுகத்தூருக்கு இறங்கினாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பார்த்திபனின் கம்ப்யூட்டர் கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரிலேயே இருந்தது. அவள் தம்பியோடு படித்தவன் அவன். ஃபேனைக் கழற்றித் தூக்கியதும் அவன் சிரித்துவிட்டான்.

"இன்னாக்கா, உள்ள கம்பளி போத்தி வெச்சிருக்கீங்க?"

ஃபேனுக்கு அடியில், சூட்டை இழுக்கும் அலுமினியத் தகடுகளின் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு, சாம்பலும் மஞ்சளுமாக ஒரு படலம் கனமாகப் படிந்திருந்தது. அவளுடைய பிரஷ் அங்கே எட்டவே இல்லை. பார்த்திபன் அதை நகத்தால் பெயர்த்து உள்ளங்கையில் வைத்து ஊதினான். பொடிப்பொடியாகச் சாமை உமி.

அவள் அதை ஒரு காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள். எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

காற்றடித்துச் சுத்தம் செய்து, சிப்புக்கும் தகட்டுக்கும் நடுவே காய்ந்துபோயிருந்த பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகத் தடவி மாட்டினான். மதியம் முழுக்க அங்கேயே ஓடவிட்டான். ஒருமுறைகூட அணையவில்லை.

"சூப்பரா கீதுக்கா. ஆனா திரும்ப அதே எடத்துல வெச்சீங்கன்னா கொஞ்ச நாள்ல இதே கதைதான். பேசாம இங்க ஒரு டேபிள் போட்டுக்குங்களேன், எடம் சும்மாதான கீது."

திரும்பும் பஸ் முழுக்க அந்தப் பேச்சு அவளை அரித்தது. அம்மா வீடு பக்கத்துத் தெரு. வாரக் கடைசியில் மலைக்கு வந்தால் போதும். அப்படி நினைத்தது தப்பா என்று யோசித்தாள். நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்த உமிப் படலத்தை சைலஸின் கையில் பிரித்துக் காட்டினாள்.

"உங்க மெஷின் ஊதறதெல்லாம் ஜன்னல் வழியா நேரா இதுக்குள்ளதாங்க போவுது."

அவன் முகம் சுருங்கியது. "அதுக்கு? மெஷின நிறுத்திடணுமா?"

"நிறுத்தச் சொன்னனா நானு?"

"ஜன்னல சாத்திக்க."

"சாத்தினா இருட்டு, வெக்கை. நானும் அது மாதிரியே சூடாயி ஆஃப் ஆயிடுவேன். பார்த்திபன் கடையில எடம் தர்றேன்றான். நான் கீழயே போய்ட்டு வேல பாக்கறேன்."

சொன்னபிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்கே உறைத்தது. சைலஸ் வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலையில் இடி இடிக்கிற மாதிரி சத்தம் கேட்டு ஷெட்டுக்கு ஓடினாள். சைலஸ் கடப்பாரையால் சிமென்ட் மேடையை உடைத்துக்கொண்டிருந்தான். மெஷினை ஆணியடித்தாற்போல் நிறுத்த அவனே பார்த்துப் பார்த்துப் போட்ட மேடை அது. வாசலில் சாமை மூட்டையோடு வந்து நின்ற முனியன் தலையில் கை வைத்தார்.

"இன்னா சைலஸு, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? எனுக்கு இன்னிக்கி அரைக்கணும்பா."

"நாளான்னிக்கி வாங்கண்ணே. மெஷின திருப்பி வெக்கறேன். உமி வூட்டுப் பக்கம் வராம பள்ளத்துப் பக்கம் போவணும்."

முனியன் முணுமுணுத்தபடி மூட்டையை ஓரமாகச் சாய்த்துவிட்டு, சட்டையைக் கழற்றிப்போட்டு மெஷினின் ஒரு முனையைப் பிடித்தார். மெர்சிலின் இன்னொரு முனைக்குப் போனாள். மூன்று பேருமாக நெம்பி நகர்த்தினார்கள். அன்றே அவள் ஜன்னலுக்குக் கொசுவலைத் துணி கட்டினாள். சிபியுவைத் தரையிலிருந்து எடுத்து எதிர்ச்சுவர் ஓரமாக ஸ்டூலில் வைத்தாள். ஜன்னல் வழியாக இனி மெஷினின் முதுகுதான் தெரியும்.

சைலஸ் போட்ட புது மேடை ஈரம் காய்ந்து, மெஷின் மறுபடி ஓடத் தொடங்கிய நாளில் பூஜா ஃபைல் அனுப்பினாள். முதல் ரிப்போர்ட்டை மெர்சிலின் பதறாமல் அடித்து முடித்தாள். கால் இடதா வலதா என்று இரண்டுமுறை கேட்டுச் சரிபார்த்தாள். இரண்டாவதின் நடுவில் ஷெட்டிலிருந்து சைலஸ் கூப்பிட்டான்.

"மெர்சி, பெல்ட்டு நழுவுது. ஒரு கை புடிக்க வர்றியா?"

"வர்றேன், இருங்க."

டாக்டரின் பேச்சைப் பாதியில் நிறுத்தி ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். கம்ப்யூட்டர் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, துப்பட்டாவை மூக்கை மூடிக் கட்டிக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தாள்.