எந்தப் பக்கம் மேல்?

சிறையில் சந்திப்பு மாதத்துக்கு ஒரு மணித்தியாலம். அதில் பதினொரு நிமிடம் வாசல் காவலர்கள் பவளத்தின் கைப்பையைக் கிண்டுவதிலேயே போயிற்று. மிச்ச நேரத்தில் புருசனைக் கிழித்துவிடுவது என்ற முடிவோடு ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள். அதற்காகவே ஜேர்மனியின் வுப்பர்டால் நகர அகதி விடுதியிலிருந்து இரண்டு ரயில் மாறி வந்திருந்தாள்.

நித்தியானந்தன் தலையைக் குனிந்தபடி வந்தான். எண்பத்தாறாம் ஆண்டு கோடையில் அவளுடைய தம்பியை வேறொருவனின் கடவுச்சீட்டில் எல்லை தாண்டிக் கூட்டிவந்து பிடிபட்டவன். தம்பியை ஊருக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இவனுக்கு ஒன்பது மாதச் சிறை. ஒழுங்காக வேலை செய்தால் ஆறாம் மாதம் விடுவார்கள், பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்கலாம்.

அந்த வேலையைத்தான் போன கிழமை விட்டுவிட்டான். சிறைத் தையற்கூடத்தில் பச்சைப் பை தைக்கிற வேலை.

மேசையோரம் காவலர் இருந்தார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஜேசுரட்ணம். தமிழில் பேசுவதெல்லாம் அவர் வழியாகக் காவலருக்குப் போகவேண்டும்.

"குந்தியிருந்து பை தைக்க ஏலாதோ உங்களுக்கு?"

"பவளம்..."

"பிள்ளையை நான் தனியப் பெறுறன். நீங்கள் உள்ளுக்கை இருந்து சுவரைப் பாருங்கோ. துரைக்கு மெசின் மிதிக்கக் கால் நோகுதாம்!"

ஜேசுரட்ணம் பாதியை விழுங்கி ஜேர்மனில் சொன்னார். காவலர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளை இன்னும் கொதிக்க வைத்தது.

"ஏன் விட்டனீங்கள்? அதைச் சொல்லுங்கோ."

அவன் காவலரைப் பார்த்தான்.

"வேலைக் கதை இஞ்ச கதைக்கப்படாது, தங்கச்சி. சந்திப்பை நிப்பாட்டிப் போடுவினம்," என்றார் ஜேசுரட்ணம்.

"நிப்பாட்டட்டும்! வாயில்லாத மனுசனோட இருந்து என்ன செய்ய?" மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"இரு." அவன் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கலியாணமாகி ஐந்து வருடத்தில் அவள் காணாத கோபம். "போன கிழமை தையற்கூடத்து ஃபோர்மன் ஒரு கட்டு லேபிள் கொண்டுவந்தான், பைக்குள்ள தைக்க. அதில இருந்த எழுத்து அவனுக்கு விளங்கேல்லை. சிரிச்சுக்கொண்டு என்னட்டை நீட்டுறான். 'உன்ர நாட்டு எழுத்துத்தானே, எந்தப் பக்கம் மேல?' எண்டு. நல்ல மனுசன், எனக்குக் கோப்பியும் தாறவன். நான் வாங்கி வாசிச்சன்..."

"காணும் தம்பி, நிப்பாட்டும்," என்றார் ஜேசுரட்ணம். "இதை நான் ஜேர்மனில சொன்னால் உமக்குத்தான் கரைச்சல்."

"சொல்லுங்கோ அண்ணை! அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டு வச்சிருக்கினம்?" என்று பவளம் பாய்ந்தாள்.

காவலர் மணிக்கூட்டைப் பார்த்து எழுந்தார். நித்தியானந்தன் அவர் முகத்தை நேரே பார்த்து, மற்ற மேசைக்காரரும் திரும்பும்படி உரத்துச் சொன்னான்:

"அது சிங்களம். சிறீலங்கா இராணுவம் எண்டு போட்டிருக்கு. ரண்டு மாசமா நான் தைச்சது அவங்கள் துப்பாக்கி ரவை கொண்டு திரியிற பை."