பெயர் மறைத்த இரண்டு பதிவுகள்

எங்கள் அலுவலகத்தில் இரண்டு ஃபண்ட் மேனேஜர்கள். ஒருவர் அக்கா. இன்னொருவரைப் புலி என்போம். மீசையும் குரலும் அப்படி. பங்குகளை வாங்கவும் விற்கவும் இருவரும் அனுப்பும் உத்தரவுகளைச் சரிபார்ப்பது என் வேலை. அதனால் யார் எப்படி என்று எனக்குத் தெரியும். அக்கா காலையில் வாங்கியதை மதியச் சாப்பாட்டுக்குள் விற்றுவிடுவார். புலி ஒரு பங்கை வாங்க மூன்று வாரம் யோசிப்பார்; வாங்கிய பிறகும் யோசிப்பார். மூன்று வருடத்தில் இருவரும் காட்டிய லாபம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இந்த வருடம் இரண்டு புது நிதிகள் வந்தன. ஒன்று ஓய்வூதியப் பணத்துக்கு. நிதானமாக நகர வேண்டியது. மற்றது சின்னக் கம்பெனிகளின் பங்குகளுக்கு, பாய வேண்டியது. அக்கா பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பது இரண்டாவது மாதிரி ஒன்றைத்தான். இந்தத் தடவையும் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிடுவதாக வீட்டில் சொல்லியாகிவிட்டது.

தலைவர் நியாயமானவர். அப்படி அவரே அடிக்கடி சொல்வார். யாருக்கு எந்த நிதி என்று முடிவு செய்ய என்னைக் கூப்பிட்டார்.

“ஆணா பொண்ணான்னு நான் பாக்கறதே இல்லப்பா. ரெண்டு பேரோட மூணு வருஷப் பதிவையும் பேரை எடுத்துட்டுக் குடு. ஒண்ணு அ, ஒண்ணு ஆ. யாரு எதுன்னு சீட்டுல எழுதி கவர்ல போட்டு ஒட்டிடு.”

ஒட்டிக் கொடுத்தேன். அக்கா அ. புலி ஆ.

மறுநாள் காலை குழு கூடியது. தலைவர், கம்பெனி வக்கீல், தாள் எடுத்துக்கொடுக்க நான். தலைவர் அ-வைப் புரட்டினார்.

“வருஷத்துக்கு எழுநூறு தடவை வாங்கி வித்திருக்கான். தில்லு பாருய்யா.”

“புலிதான், வேற யாரு,” என்றார் வக்கீல்.

“இந்த ஆ இருக்கே, அப்படியே பொம்பளைக் கை. என்ன பொறுமை.”

தலைவர் பென்சிலை எடுத்து இரண்டு தாள்களின் தலையிலும் பெயரை எழுதினார். கவர் ஒட்டியபடியே கிடந்தது.

“திறக்கட்டுமா சார்?”

“எதுக்கு? அதான் தெரியுதே.”

மதியம் கடிதங்கள் வந்தன. ‘ஆ பதிவில் தெரியும் பொறுமைக்காக’ அக்காவுக்கு ஓய்வூதிய நிதி. ‘அ பதிவில் தெரியும் துணிச்சலுக்காக’ புலிக்குச் சின்னக் கம்பெனி நிதி.

அக்கா கடிதத்தோடு என் மேசைக்கு வந்தார். “டேய், நான் அ-வா, ஆ-வா?”

“அ தான்க்கா. கவரைத் திறக்க விடல.”

“எனக்குப் பொறுமையாம். எங்க வீட்டுக்காரர் படிச்சா சிரிச்சே செத்துருவாரு.”

பின்னாலேயே புலி. கையில் அவர் கடிதம். “எனக்குப் போய் சின்னக் கம்பெனியா? ஏற்கெனவே பிரஷருக்கு ரெண்டு மாத்திரை போடறேன்க்கா.”

மூவரும் தலைவர் அறைக்குப் போனோம். அவர் கவரைக் கிழித்து, சீட்டை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

“எழுநூறு தடவையா? ஏம்மா, உனக்கு ஏன் இவ்வளவு அவசரம்?”

“காலையில அது தில்லு சார்,” என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

அக்கா புலியின் கடிதத்தை வாங்கித் தலைவர் முன்னால் வைத்தார். “துணிச்சல்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. அதுக்குத்தான் அந்த நிதியாம். அந்த எழுநூறும் நான் பண்ணது.”

தலைவர் புலியைப் பார்த்தார். “நீயாவது ஏதாவது சொல்லேன்யா.”

“அவங்க சொல்றதுதான் சரி சார்.” அந்தக் குரல் இவ்வளவு சின்னதாகும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

காரணத்தை மாற்றினால் குழுவை மறுபடி கூட்ட வேண்டும். பென்சில் கதையைக் கூட்டக் குறிப்பில் ஏற்ற வேண்டும். தலைவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு வரி மாறாமல், பெயரை மட்டும் மாற்றி, சாயங்காலத்துக்குள் புதுக் கடிதங்கள் வந்துவிட்டன.

முதல் மாதமே சந்தை விழுந்தது. இரண்டு நிதிகளும் மூன்று சதவீதம் இறங்கின. தலைவர் புலியின் தோளைத் தட்டினார். “சந்தையே சரியில்ல, நீ என்ன பண்ணுவே.” அடுத்து அக்காவின் மேசைக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எங்கேம்மா தப்பு நடந்தது? முதல்லேர்ந்து சொல்லு.”

“அப்புறம் சொல்றேன் சார்,” என்றார் அக்கா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “எல்லாம் மலிவா கிடைக்குது. வாங்கிட்டு இருக்கேன்.”

என் திரையில் வரிசையாக உத்தரவுகள் வந்து விழுந்தன. பதினொன்று வரை எண்ணினேன். பிறகு வேலையைப் பார்த்தேன்.