பிஷப் பெட்வேயின் சொந்த வரி

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்து ஆரஞ்சு மவுண்ட் பகுதியில் ராப் பாடகர் பிஷப் பெட்வேயைத் தெரியாதவர்கள் இரண்டே வகை: இன்னும் பிறக்காதவர்கள், போலீஸ் விசாரணையில் இருப்பவர்கள். பிஷப் என்பது பேர்தான், பதவி இல்லை. காரின் டிக்கியில் தன் பாட்டுக் கேசட்டை வைத்து விற்கத் தொடங்கியவர். இன்று பாதி நகரத்து ராப்பர்கள் அவரிடம்தான் சம்பளம் வாங்குகிறார்கள். தேவாலயத்தின் புதுக் கூரையும் அவர் உபயம். அதன் கீழே அவர் பாட்டைப் போடக்கூடாது என்பது தனி விஷயம்.

அவர் பாடும் பாட்டெல்லாம் அவருடைய பெரியம்மா மகள் ஷான்டெரா எழுதியது. தன் முடி அலங்காரக் கடையில் யாருக்காவது சடை பின்னிக்கொண்டே வரி வரியாகச் சொல்வாள். வெளியே தெரியாது. தன் வரியைத் தானே எழுதாத ராப்பர் அந்த ஊரில் பல்செட் வைத்த சிங்கம்.

போட்டியாளர் ஒருவரின் ஸ்டுடியோ எரிந்தது. டிவியில் பார்த்த ஷான்டெரா, 'பின்வாசல் திறந்தேன், நெருப்பை உள்ளே விட்டேன்' என்று வரி கட்டினாள். பாட்டு முதலிடத்துக்குப் போனது. பாடியவர் கோர்ட்டுக்குப் போனார், தீ வைத்ததாக. அரசு வழக்கறிஞரிடம் அந்த வரியைத் தவிர வேறு சாட்சி இல்லை.

"நான் எழுதினதுன்னு சொல்லிடறேன்டா," என்றாள் ஷான்டெரா, கோர்ட் வராந்தாவில்.

"வாயத் தொறக்காதக்கா. ஜெயிலுக்குப் போனா பேரு ஏறும். இது தெரிஞ்சா பேரே இருக்காது."

"சரி, போ. உள்ள எல்லாரும் சுத்தி நின்னு, 'அண்ணே, சும்மா ரெண்டு வரி எடுத்து விடுங்க'ம்பானுங்க. அங்க உனக்கு யாருடா சொல்லித் தருவா?"

பிஷப் இதை யோசித்திருக்கவில்லை. சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

கூண்டில் ஏறி, "அது என் வரி இல்ல. எந்த வரியுமே என்னுது இல்ல. எல்லாம் எங்கக்கா எழுதினது," என்றார்.

"தப்பிக்க யார் வேணாலும் இப்படிச் சொல்லலாம், மிஸ்டர் பெட்வே," என்றார் அரசு வழக்கறிஞர். "உங்களுக்கு எழுத வராதுன்னு எப்படி நம்பறது?"

"தலைப்பு குடுங்க."

"நம்ம ஊர்," என்றார் நீதிபதி, ஆர்வத்தை மறைக்காமல்.

பிஷப் பாடினார். முதல் வரி 'மெம்பிஸ்' என்று முடிந்தது. இரண்டாவது வரியும் அப்படியே. மூன்றாவதில் எல்லோரும் வேறு எதையோ எதிர்பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ஜூரியில் ஒரு பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். சம்பாதித்த பேரெல்லாம் கண்ணெதிரே சரியச் சரிய, பிஷப் நிமிர்ந்து நின்று கடைசி வரி வரை பாடி முடித்தார். எந்த மேடையிலும் அவரை இவ்வளவு தைரியமாக ஷான்டெரா பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஜூரி உடனே விடுதலை செய்தது.

வாசலில் நிருபர்கள் மொய்த்தார்கள். பிஷப் அக்காவை முன்னால் இழுத்து நிறுத்தினார். "இனிமே இவங்க பாடுவாங்க, நான் விப்பேன். விக்கிறதுக்கு யாரும் எனக்கு எழுதிக் குடுத்ததில்ல."

ஷான்டெரா அவர் காதருகே குனிந்தாள். "உள்ள பாடினியே, அது மட்டும் என்னுது இல்லன்னு மொதல்ல சொல்லிடுடா."